பெயரின் மேல் விழாத குழி

என்னைப் பயந்தாங்கொள்ளி என்று என் மனுசன் சொல்வார். சொல்லட்டும், பொய் இல்லை. 2009 கடைசியில் நாங்கள் சுவிசுக்கு வந்தோம். அதற்கு முந்திய மாதங்களில் பாதியைப் பதுங்குகுழிக்குள் கழித்தவர்கள். வில் என்ற நகருக்குப் பக்கத்துக் கிராமத்தில் எங்களுக்கு ஒரு வீடு தந்தார்கள். முதல் சனிக்கிழமை காலை வெடிச்சத்தம் கேட்டதும் நான் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துவிட்டேன். அவர் காலில் பிடித்து இழுத்து என்னை வெளியே எடுத்தார். பிறகு மேல்வீட்டில் போய் விசாரித்துவிட்டு வந்தார். ஊருக்கு வெளியே சுடுதிடல் இருக்கிறதாம், சனிக்கிழமைகளில் சனம் சுட்டுப் பழகுமாம். பன்னிரண்டு மணிக்கு நிறுத்திவிடுவார்களாம், அயலவர்கள் நிம்மதியாகச் சாப்பிட வேண்டுமே. வெடிச்சத்தத்துக்கும் நேர அட்டவணை போட்ட நாடு. அவருக்குச் சிரிப்பு வந்தது. எனக்கு வரவில்லை.

ஐந்து வருசம் போனது. நான் ஒரு பட்டறையில் வேலை செய்துகொண்டிருந்தேன். உருக்கைச் சூளையில் வைத்துக் கடினமாக்கும் பட்டறை. முதலில் நிலம் கழுவத்தான் எடுத்தார்கள். பிறகு சோதனை மெசினுக்கு முன்னால் இருத்தினார்கள். அந்த மெசின் ஒரு சின்ன முனையை உருக்கின் மேல் அழுத்தும், எள் அளவில் ஒரு குழி விழும். குழி எவ்வளவு ஆழம் என்று பார்த்து ஓர் எண் காட்டும். எண் பெரிதென்றால் உருக்கு கடினம், சிறிதென்றால் மென்மை. நான் எண்ணைத் தாளில் எழுதிக் கையொப்பம் வைப்பேன். என் கையொப்பத்தை நம்பி யாரோ எங்கோ ஒரு மெசினை ஓட்டுகிறார்கள் என்பதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது.

அந்த வருசம் எங்கள் வீட்டில் ஒரே கதை, விசா. எங்களிடம் இருந்தது எஃப் விசா. எந்த நேரமும் திருப்பி அனுப்பலாம் என்று சொல்லுகிற விசா. ஐந்து வருசம் முடிந்ததால் பி விசாவுக்கு எழுதிப் போட்டிருந்தோம். ஒழுங்கான வேலை, ஒழுங்கான நடத்தை என்று என் முதலாளி ஒரு கடிதம் தர வேண்டும். அவரை எல்லோரும் செஃப் என்றுதான் கூப்பிடுவார்கள். செஃப்புக்கு முன்னால் நான் தும்மக்கூடப் பயந்து திரிந்தேன்.

அப்போதுதான் ஒருவர் ஒரு துப்பாக்கியைச் சமையலறைத் துணியில் சுற்றிக்கொண்டு வந்தார்.

அவர் பழைய துப்பாக்கிகளைத் திருத்துகிறவர், செஃப்பின் பள்ளித் தோழன். தடித்த மனிதர், எந்நேரமும் வாயில் ஒரு பெப்பர்மின்ற் மிட்டாய். துணியை என் மேசையில் வைத்து விரித்தார். உள்ளே கிடந்தது ஒரு ரிவோல்வரின் வெறும் உடல் மட்டும். குழல் இல்லை, தோட்டா உருளை இல்லை, பிடியின் மரம் இல்லை. அப்படியிருந்தும் கதிரையைப் பின்னால் தள்ளிவிட்டேன். அவர் கவனித்துவிட்டார்.

"இது கடிக்காது. இதற்கு இப்போது பல்லே இல்லை" என்றார்.

கதை இதுதான். எங்கள் கிராமத்துப் பாற்பண்ணைக்காரரின் பழைய வீடு முந்திய குளிர்காலத்தில் எரிந்துபோனது. அலுமாரிக்குள் இருந்த ரிவோல்வரும் நெருப்புக்குள் போய்விட்டது. அவருடைய அப்பாவின் துப்பாக்கி அது. அதைத் திரும்பச் சுடக்கூடியதாக ஆக்கி, அப்பாவின் நினைவுநாளில் சுடுதிடலில் சுட வேண்டும் என்பது அவர் ஆசை. இந்தத் துப்பாக்கிக்காரர் அதே மாதிரி இன்னொரு ரிவோல்வரை, உடல் வெடித்துக் கழிக்கப்பட்ட ஒன்றை, எங்கிருந்தோ தேடிப் பிடித்திருந்தார். அதன் குழல், தோட்டா உருளை, வில்லுகள் எல்லாவற்றையும் இதற்கு மாற்றப்போகிறார். உடலை மாற்றப் பண்ணைக்காரர் விடவில்லையாம். அதில்தான் அப்பாவின் பெயர் வெட்டியிருக்கிறது.

"பாகம் மாற்றுவது பெரிய வேலை இல்லை. எனக்குப் பயம் இந்த உடல்தான். நெருப்பு உருக்கை மென்மையாக்கிவிடும். மேலே மினுக்கினால் புதிதுபோலத் தெரியும், உள்ளே வெண்ணெய்க்கட்டி. சுடும்போது கிழிந்தால் பிடித்திருக்கிற கை போய்விடும். நீங்கள் எண் சொல்லுங்கள். நல்ல எண் என்றால் பூட்டுவேன், இல்லையென்றால் சுவரில் மாட்டச் சொல்லிவிடுவேன்."

அந்தக் கை எனக்குத் தெரிந்த கை. பண்ணைக்காரர் வீதியோரம் ஒரு குளிர்பெட்டியில் முட்டை வைத்திருப்பார், நாங்களே எடுத்துக்கொண்டு காசைப் போட்டுவிட்டுப் போக வேண்டும். ஒரு தை மாதம் முட்டையோடு பனியில் வழுக்கி விழுந்தேன். அவர் மாட்டுக் கொட்டிலிலிருந்து ஓடி வந்து ஒரு கையால் என்னைத் தூக்கி நிறுத்தினார். பலகை மாதிரிக் கை. உடைந்த முட்டைக்குப் பதில் வேறு முட்டையும் எடுத்துத் தந்தார்.

துப்பாக்கிக்காரர் துணியோடு உடலை விட்டுவிட்டுப் போய்விட்டார். நான் கையுறை மாட்டிக்கொண்டு அதை எடுத்தேன். அவர் அதை ஏற்கனவே உரஞ்சி மினுக்கியிருந்தார், நெருப்பின் கறுப்பு எதுவும் தெரியவில்லை. மெசினில் வைக்கத் தட்டையான இடம் வேண்டும். தோட்டா உருளைக்குப் பக்கத்தில் நல்ல தட்டையான இடம் இருந்தது. அங்கேதான் அந்தப் பெயரும் இருந்தது. ஓர் ஆள் கையால் வெட்டிய எழுத்து, கொஞ்சம் சரிந்து, பெயருக்குக் கீழே ஒரு சின்னக் கோடு. எழுத்து இடம் முழுவதையும் பிடித்திருந்தது. முனை எங்கே இறங்கினாலும் ஏதோ ஓர் எழுத்தில்தான் குழி விழும்.

என்னால் முடியவில்லை. இதை இங்கே உள்ளவர்களுக்கு விளங்கப்படுத்துவது கஷ்டம். எங்கள் ஆட்களில் ஒருவர் செத்தால் முப்பத்தோராம் நாளுக்குக் கல்வெட்டு என்று ஒரு புத்தகம் அடித்துக் கொடுப்பார்கள். செத்தவரின் படம், பெயர், பிள்ளைகளின் பெயர், நாலு தேவாரம். எங்கள் வீட்டு அலுமாரியில் அப்படி ஒரு கட்டு இருக்கிறது. பாதிப்பேரை நான் கண்டதுகூட இல்லை, யாரோ தெரிந்தவரின் மாமியார், யாரோ ஒருவரின் சின்னையா. வீடு மாறும்போது என் மனுசன் அதைப் பழைய பேப்பரோடு கட்டி வெளியே வைக்கப் பார்த்தார். நான் அவரோடு ஒரு கிழமை, ஏழு நாளும், கதைக்கவில்லை. செத்தவரின் பெயரைக் குப்பையில் போட எனக்குக் கை வராது. என் தம்பிக்குக் கல்வெட்டு அடிக்கவில்லை. அவன் எங்கே செத்தான் என்றே தெரியாது. அதைப் பற்றி இங்கே மேலும் எழுத எனக்கு இப்போதும் முடியவில்லை.

அதனால் நான் உடலைத் திருப்பினேன். பிடியின் மரம் வந்து மூடும் இடத்தில், வெளியே தெரியாத ஒரு மூலையில் முனையை அழுத்தினேன். மூன்று தரம் அழுத்தினேன், மூன்று தரமும் நல்ல எண். தாளில் எழுதினேன். 'அளந்த இடம்' என்று அந்தத் தாளில் ஒரு வரி இருந்தது. ஒரே ஒரு துண்டுதானே, எந்த இடமாயிருந்தால் என்ன என்று அதை வெறுமையாக விட்டேன். கையொப்பம் வைத்தேன். துணியால் திரும்பச் சுற்றிவிட்டுச் சவர்க்காரம் போட்டு மூன்று தரம் கை கழுவினேன்.

இரண்டு கிழமை நிம்மதியாக இருந்தேன். பிறகு ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் துப்பாக்கிக்காரர் செஃப்பைப் பார்க்க வந்தார். நல்ல சந்தோசத்தில் இருந்தார். ரிவோல்வரைப் பூட்டிவிட்டாராம், பிடியின் மரம் மட்டும் மிச்சமாம், நாளைக்குப் பத்து மணிக்குச் சுடுகிறார்களாம். எனக்கும் ஒரு மிட்டாய் தந்தார். போகிற போக்கில் பொக்கற்றிலிருந்து இரண்டு மரத்துண்டுகளை எடுத்துக் காட்டினார்.

"பாருங்கள், பிடியின் பழைய மரம். புதிது போட வேண்டுமென்று நினைத்தேன், தேவையில்லை. வீட்டின் கூரை விழுந்தபோது பிடிப்பக்கம் தீயணைத்த தண்ணீரில் நனைந்த சாந்துக்குள் புதைந்துவிட்டதாம். ஓரம்தான் கொஞ்சம் கருகியிருக்கிறது. இன்றைக்கு எண்ணெய் பூசிப் பூட்டிவிடுவேன்."

நான் அந்த மரத்தைப் பார்த்தேன். மிட்டாய் வாய்க்குள் அப்படியே நின்றது. மரம் எரியாத இடத்தில் உருக்கு எப்படிக் கெடும்? நான் அழுத்தியது அந்த மரத்துக்கு அடியில். நெருப்புப் படாத ஒரே மூலையைத் தேடிப்பிடித்துச் சோதித்துவிட்டு, முழுத் துப்பாக்கிக்கும் கையொப்பம் வைத்திருக்கிறேன். வெடி வெடிக்கிற இடம் பெயர் இருக்கிற இடம். அதை நான் தொடவே இல்லை.

அந்த நிமிசமே சொல்லியிருக்க வேண்டும். செஃப் பக்கத்திலேயே நின்றார். அவர் என் கடிதத்தை இன்னும் எழுதவில்லை. நான் "நல்லது, நல்லது" என்றேன். துப்பாக்கிக்காரர் மரத்தைப் பொக்கற்றில் போட்டுக்கொண்டு போனார். என்னை நானே செருப்பால் அடிக்க வேண்டும்போல இருந்தது, ஆனாலும் வாய் திறக்கவில்லை. பஸ்சில் வீட்டுக்குப் போனேன். சமைத்தேன். கறிக்கு உப்புப் போட்டேனா என்று தெரியாமல் இரண்டாம் தரமும் போட்டேன்.

சனிக்கிழமை விடிந்ததும் துப்பாக்கிக்காரரின் கடைக்குப் போன் அடித்தேன். பதிவு செய்த குரல், திங்கட்கிழமை திறப்போம் என்றது. என் மனுசன் தேத்தண்ணியோடு வந்து என் முகத்தைப் பார்த்தார். நான் முழுவதையும் கொட்டினேன். அவர் தேத்தண்ணியை மேசையில் வைத்தார்.

"நீர் சும்மா நினைச்சுப் பயப்பிடுறீர். நெருப்புப் பட்டதெல்லாம் வெடிக்கும் எண்டு இருக்கோ?"

"வெடிச்சால்?"

"வெடிச்சால் அது அந்த ஆளின்ர பிழை. எரிஞ்ச துவக்கை ஆர் சுடச் சொன்னது? விசா வரட்டும். விசா வரக்கிடையில வாயைத் திறக்காதையும்."

"இஞ்சாருங்கோ, அந்தாள் எனக்கு முட்டை தந்தவர்."

"முட்டை தந்தவருக்காக நாங்கள் திரும்பிப் போய் இருக்கவோ? எங்க போய் இருக்கிறது, சொல்லும் பாப்பம்."

அவரில் பிழை சொல்ல மாட்டேன். அவருக்கும் பயம்தான், அவருடைய பயம் வேறு திசையைப் பார்த்து நின்றது, அவ்வளவுதான். அந்த நேரம் பார்த்து முதல் வெடிச்சத்தம் கேட்டது. ஒன்பது மணி. வழக்கமான நீளத் துப்பாக்கிகள் சுடத் தொடங்கிவிட்டன. ரிவோல்வருக்குப் பத்து மணி. நான் சப்பாத்தை மாட்டினேன். சனிக்கிழமையில் அந்தப் பக்கம் பஸ் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒன்று.

"எங்க போறீர்?"

"நடந்து போறன்."

"பயந்தாங்கொள்ளி, நீர் அங்க போவீரோ?"

ஓம், போனேன். எப்படிப் போனேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. வாழ்க்கை முழுக்க வெடிச்சத்தம் கேட்டால் அதற்கு எதிர்ப்பக்கம் ஓடியவள் நான். அன்றைக்குச் சத்தத்தை நோக்கி நடக்க வேண்டியிருந்தது. இரண்டு பக்கமும் சோளம், நடுவில் தார் வீதி. ஒவ்வொரு வெடிக்கும் குனிந்தேன். ஒருமுறை வீதியோரக் கானுக்குள் இறங்கிக் குந்தியே விட்டேன். சைக்கிளில் வந்த ஒரு மனுசி நிறுத்தி, சுகமில்லையா என்று கேட்டார். சுகம்தான் என்றேன். வேறு என்ன சொல்வது? நெஞ்சு அடித்த அடியில் எது வெளியே வெடிக்கிறது, எது உள்ளே வெடிக்கிறது என்றே தெரியவில்லை. முருகா, முருகா என்றபடி எழும்பி நடந்தேன்.

சுடுதிடலின் சிவப்புக் கொடி தெரிந்தபோது வேறொரு சத்தம் கேட்டது. நீளத் துப்பாக்கியின் சத்தம் சவுக்கடி. இது தடித்த சத்தம், பலகையைக் கையால் குத்தியதுபோல. கட்டடத்துக்குப் பக்கத்தில் வெள்ளைப் புகை எழும்பியது. ஆட்கள் கைதட்டினார்கள். மணி பத்தாகப் பத்து நிமிசம் இருந்தது. எல்லாவற்றுக்கும் நேரம் பார்க்கிற சனம், அன்றைக்கு மட்டும் முந்திக்கொண்டது.

நான் ஓடினேன். ஓடும்போதே இரண்டாவது வெடி. கேற்றைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய், "நிப்பாட்டுங்கோ, நிப்பாட்டுங்கோ" என்று கத்தினேன். தமிழில். அங்கே ஒருவருக்கும் விளங்கியிருக்காது, ஆனால் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பண்ணைக்காரர் நல்ல வெள்ளைச் சேட்டும் காதில் மூடியுமாக நின்றார். கையில் ரிவோல்வர், நீல மினுக்கத்தோடு, கடையில் புதிதாக வாங்கியதுபோல அழகாக. அவர் அதைக் கீழே சரித்தபடி என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"முட்டைக்காரப் பெண்மணி" என்றார்.

துப்பாக்கிக்காரர் அருகில் வந்தார். என் ஜெர்மன் அந்த நேரம் எங்கோ ஓடிவிட்டது. பிடியின் மரத்தைச் சுட்டிக் காட்டினேன். "நான் அளந்தது இங்கே, மரத்துக்குக் கீழே." பிறகு பெயரைக் காட்டினேன். "இங்கே அளக்கவில்லை. என் தாள் பிழை. நேற்றே எனக்குத் தெரியும்."

பண்ணைக்காரர் தோளைக் குலுக்கினார். "இரண்டு தரம் சுட்டுவிட்டேனே, அருமையாகச் சுடுகிறது. இன்னும் நாலு இருக்கிறது" என்றார். சுற்றி நின்றவர்களில் இரண்டு பேர் சிரித்தார்கள். ஒரு கணம் எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஒருவேளை மனுசன் சொன்னதுதான் சரியோ, வீணாக ஓடி வந்து வேலையையும் தொலைத்துக்கொண்டேனோ என்று நினைத்தேன்.

துப்பாக்கிக்காரர் சிரிக்கவில்லை. மிட்டாயைத் துப்பிவிட்டு ரிவோல்வரைக் கேட்டு வாங்கினார். மிச்சத் தோட்டாக்களை வெளியே எடுத்தார். தன் பெட்டியிலிருந்து விசிறிபோல விரியும் மெல்லிய அளவுத் தகடுகளை எடுத்தார். தோட்டா உருளைக்கும் குழலுக்கும் நடுவில் எப்போதும் ஒரு மயிரிழை இடைவெளி இருக்கும். பூட்டிய அன்று அதற்குள் மிக மெல்லிய தகடு மட்டும்தான் போனதாம். இப்போது அது தாராளமாகப் போனது. அடுத்ததை விட்டார், போனது. அதற்கு அடுத்த தடித்ததும் போனது. உடலில் உருளையின் மேலால் போகும் உருக்குப் பட்டை இரண்டே இரண்டு வெடிக்கு இழுபட்டிருந்தது. அவர் தகட்டை அதற்குள்ளேயே விட்டபடி பண்ணைக்காரரிடம் நீட்டினார். சிரித்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். பிறகு ஒருவரும் சிரிக்கவில்லை.

"மூன்றாவதில் கிழிந்திருக்குமா?" என்று பண்ணைக்காரர் கேட்டார்.

"மூன்றாவதிலும் இருக்கலாம், முப்பதாவதிலும் இருக்கலாம். நான் என்றால் பிடித்திருக்க மாட்டேன்."

பண்ணைக்காரர் சுவரோரம் கிடந்த மர வாங்கில் உட்கார்ந்தார். வலக் கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார், குளிருகிற பிள்ளைபோல. பிறகு என்னிடம் கேட்டார்.

"ஏன் மரத்துக்குக் கீழே அளந்தீர்கள்?"

"மற்ற இடத்தில் உங்கள் அப்பாவின் பெயர் இருந்தது. அதில் குழி விழும்."

அவருக்கு விளங்கவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது. "என் அப்பா" என்றார், "இந்தத் துப்பாக்கியின் பிடியால் வேலிக்கு ஆணி அடித்தவர்." சொல்லிவிட்டு அவர் சிரிக்கத் தொடங்கினார். சிரிப்பு நடுவில் உடைந்தது. நான் அங்கேயே நிலத்தில் குந்தி அழுதேன். பயத்தில் வந்த அழுகைதான், வேறு ஒன்றும் இல்லை.

திங்கட்கிழமை செஃப்புக்கு நானே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். எச்சரிக்கைக் கடிதம் ஒன்றை எழுதி, என்னிடம் ஒரு பிரதி தந்து, மற்றதை என் கோப்பில் வைத்தார். விசாவுக்கான கடிதத்தையும் பிறகு எழுதித் தந்தார். அதில் 'தன் பிழையைத் தானே அறிவிப்பவர்' என்று ஒரு வரி இருந்தது. அது புகழ்ச்சியா, காட்டிக்கொடுப்பா என்று நானும் மனுசனும் ஒரு மாதம் சண்டை பிடித்தோம். விசா வருவதற்கு இன்னும் ஒன்றரை வருசம் எடுத்தது. அந்த ஒன்றரை வருசமும் தபால்காரரின் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் நான் யன்னலுக்கு ஓடுவேன்.

அந்தக் கிழமையே பண்ணைக்காரர் பட்டறைக்கு வந்தார். ரிவோல்வரைக் கழற்றி, உடலை மட்டும் அதே சமையலறைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். தோட்டாவை அடிக்கிற ஊசியை எடுத்துவிட்டுச் சுவரில் மாட்டப்போகிறாராம். அதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது என்றார்.

"பெயரில் அழுத்துங்கள்."

நான் செஃப்பைப் பார்த்தேன். அவர் தலையாட்டினார். உடலை மெசினில் வைத்தேன். எந்த எழுத்தில் என்று கேட்டேன். எதிலும் என்றார். முனை மெதுவாக இறங்கியது. என் பல் கூசியது. எண் வந்தது, நான் முதலில் எழுதியதில் பாதிகூட இல்லை. தாளை எடுத்து எண்ணை எழுதினேன். 'அளந்த இடம்' என்ற வரியில் அவருடைய அப்பாவின் பெயரை முழுதாக எழுதினேன்.

அவர் தாளை வாசித்தார், மடித்துச் சேட்டுப் பொக்கற்றில் வைத்தார். போகும்போது, இங்கே எல்லோரும் செய்வதுபோலக் கை நீட்டினார். நானும் கொடுத்தேன். இங்கே கை கொடுத்தால் ஒரு குலுக்குக் குலுக்கிவிட்டு விட்டுவிட வேண்டும். நான் விடவில்லை. அவர் என்ன நினைத்தாரோ தெரியாது, அவரும் இழுக்கவில்லை. அந்தப் பலகைக் கையை என் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு விரலாக எண்ணினேன். ஐந்தும் இருந்தன.